நூற்று இருபதாவது நாள்

மேசையில் பெறுகை வழிகாட்டி.
அதன்மேல் ஜௌபரின் கோப்பு.
அதற்கும் மேலே அவர் கிண்ணியாவிலிருந்து கொண்டுவந்த
தொதல் பொட்டலம், எண்ணெய் கசிந்தபடி.
யன்னலுக்கு வெளியே
ஒரு மான் சுவரொட்டியைக் கிழித்துத் தின்கிறது.
எந்தக் கட்சியினது என்று தெரியவில்லை.

“எஞ்சினியர் வாயாலயே சொன்னவர் மிஸ்,
ஜெற்றி வேலை உங்களுக்குத்தான் எண்டு.
பிளேன்ரீ குடிக்கக்குள்ள.”

அரசுக்கு வாய் கிடையாது, ஜௌபர்.
கை உண்டு.
எந்தக் கை எத்தனை இலட்சம்வரை ஒப்பமிடலாம் என்று
சுற்றறிக்கையில் அளந்து வைத்திருக்கிறார்கள்.
தேநீர்க் கோப்பை பிடித்த கைக்கு
அந்த அளவு வராது.

பத்திரிகையில் வந்தது ஓர் அழைப்பு.
உங்கள் விலைமனுதான் முதற்சொல்.
ஏற்புக் கடிதம் கைக்கு வரும்வரை
நீங்கள் முற்றத்தில் வாங்கி அடுக்கிய கம்பியெல்லாம்
உங்கள் சொந்தத் துரு.

சிரித்தார்.
பிறகு நிராகரிப்புக் கடிதத்தை நீட்டினார்.
ஒரே வரி:
பிணையின் காலம் போதாது.

நூற்று இருபது நாள் கேட்டார்கள்.
சனவரி எட்டில் பெட்டி திறந்தது.
வங்கிக் காகிதம் மே ஏழுடன் முடிகிறது.
எட்டு என்றிருக்க வேண்டும்.
பெட்டி திறந்த நாளையும் ஒன்றென்று எண்ணிவிட்டார்
வங்கியில் யாரோ,
மதியச் சாப்பாட்டுக்கு எழும்பும் அவசரத்தில்.

ஒரு நாள்.
ஒரு நாளில் கடல் எத்தனை தரம் கரைக்கு வந்து போகிறது!
விலையில் இவர்தான் குறைவு,
பதினோரு இலட்சம் குறைவு.
ஆனாலும் சின்னப் பிழை என்று மன்னிக்க
அதிகாரிக்கு உரிமை இல்லை.
மன்னித்தால், அடுத்த பெட்டிக்குள்
மச்சானின் பிழையும் சின்னதாகிவிடும்.
இதை நான் நம்புகிறேன்.
நம்பியபடியே தொதலைக் கத்தியால் வெட்டினேன்.
கத்தி ஒட்டிக்கொண்டது.

மேன்முறையீட்டுக்குத் தந்த நாட்கள் கரைந்துகொண்டிருந்தன.
கச்சேரியின் பின்னறையில், மின்விசிறி கிறீச்சிட,
வென்றவரின் பிணையைப் பார்க்கக் கேட்டேன்.
அதே வங்கி.
அதே நீல முத்திரை.
அதே சாய்ந்த எழுத்தில்
மே ஏழு.

இரண்டு தரம் வாசித்தேன்.
மூன்றாந்தரம் விரலை வைத்து.

அன்றிரவு மனுவில் நான் எழுதியது
சட்டத்தரணிகள் எல்லாருக்கும் தெரிந்த பழைய சங்கதி:
அரசு தராசு பிடித்தால்
படிக்கல் இரண்டு தட்டுக்கும் ஒன்றே.
இவரைத் தள்ளிய நாள்
அவரையும் தள்ள வேண்டும்;
அவரைத் தாங்கிய நாள்
இவரையும் தாங்க வேண்டும்.

நாங்கள் வென்றோம்.
அப்படித்தான் கட்டளையில் இருக்கிறது.
இரண்டு விலைமனுவும் தள்ளுபடி,
புதிதாய்க் கேள்விப்பத்திரம் கோருக.

அதற்குள் ஐப்பசி பிறந்து
வாடை இறங்கிவிட்டது.
மூதூருக்கு அப்பால் அந்தக் கரைக்குப் போனேன்.
இறங்குதுறை வரவேண்டிய இடத்தில்
இரண்டு பனங்குற்றி,
குறுக்கே ஒரு பலகை.
நனைந்த சேலையை ஒரு கையால் தூக்கி
மறுகையால் மீன்கூடையைப் பிடித்து
ஒரு பெண் அதில் நடந்து வந்தாள்.
பலகை வளைந்தது.
நான் யாரென்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
வழக்கில் வென்றவள் என்று சொல்லியிருப்பேனா,
தெரியாது.

நேற்றுப் புதிய படிவத்தோடு ஜௌபர் வந்தார்.
வங்கியை நம்பவில்லை.
என் முன்னால் இருந்து
முட்டி மொழிகளில் மாதங்களைத் தொட்டுத் தொட்டு
தானே எண்ணினார்,
முப்பத்தொன்று மேட்டில், முப்பது பள்ளத்தில்.
பாதியில் நிறுத்தி,
“இண்டையான நாளைச் சேக்கிறதா, மிஸ்?”

விடுங்கள் என்றேன்.
நாளையிலிருந்து.