எரியுதா?

நஜ்முதீன் காக்காவின் கார்
தரையிலிருந்து நாலு விரற்கடை உயரம்.
கீழக்கரை முக்குரோட்டு வேகத்தடையில்
ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் ஏறும்.
முந்நூறு கிலோமீட்டர் வேகம் போகுமாம்.
இங்கே ஆடு விடாது.

அவர் சார்ஜாவுக்கு விமானம் ஏறிய மறுநாள்
மச்சினன் கொண்டுவந்து பட்டறையில் விட்டுப் போனான்.
வேகமுள்ளுக்குப் பக்கத்தில்
ஒரு துண்டு கறுப்பு டேப்.
உரித்தேன்.
அடியில் மஞ்சளாய் எஞ்சின் விளக்கு,
யார் பார்க்கவும் இல்லாமல் எரிந்துகொண்டு.

ஸ்கேனரைச் செருகினால் ஒரே பல்லவி:
காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.
அழித்துவிட்டுத் திருப்புல்லாணி வரை போய்த் திரும்பினேன்.
ஊருக்குள் நுழையும்போது மறுபடி கண் விழித்தது.

மதுரையில் ஒரு சென்சார் மாற்றியிருக்கிறார்கள், பதினெட்டாயிரம்.
சென்னையில் இன்னொன்று.
நான் என் பங்குக்குக் காற்றுக் குழாயைக் கழற்றிக் கழுவினேன்.
எங்கேயாவது ஓட்டை இருக்கட்டும் என்று
பெயின்ட் டப்பாவில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி,
இன்டேக்குக்குள் புகையை ஊதினேன்.
வெள்ளிக்கிழமை வேறு.
பஸ்ஸுக்கு நின்ற அம்மா எட்டிப் பார்த்துக்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
புகை எங்கேயும் கசியவில்லை.

இரவு பத்தரைக்கு வீடியோவில் வருவார்.
"முத்திருளு, எரியுதா?"
போனை டேஷ்போர்டுப் பக்கம் திருப்பிக் காட்டுவேன்.
அங்கே மணி ஒன்பது.
அவருக்குப் பின்னால் இரும்புக் கட்டில்கள், அடுக்கடுக்காய்,
கம்பியில் யார் யார் சட்டையோ.
இந்தக் காரின் சொந்தக்காரர்
மேல்தட்டில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்திருப்பார்.
"எரியுது காக்கா."
"சரி" என்பார்.
வித்துரலாமா என்று ஒரே ஒரு நாள் கேட்டார்.
சிக்னல் இல்லாதது போல் இருந்துவிட்டேன்.

சில நாள் எரியாது. அதுதான் பெரிய தொல்லை.
எரிகிற நோயைத் தேடலாம்,
சும்மா இருக்கிற வண்டியில் எதைத் தேட?
நோட்டுப் போட்டேன்.
செவ்வாய் எரிந்தது. புதன் எரிந்தது. வியாழன் இல்லை.
பத்தொன்பது நாள் இப்படி.

வள்ளத்து எஞ்சினுக்கு நாசில் வாங்க வந்த அருளப்பன்
தன் பாட்டைப் புலம்பிக்கொண்டிருந்தான்:
"நாலு நாளாச் சோழகம்ணே, ஒரே ஈரம்.
வியாழக்கிழமைதான் கச்சானுக்குத் திரும்புச்சு."
வியாழக்கிழமை.
நாசிலை அவன் கையில் கொடுக்க மறந்து
நோட்டைப் புரட்டினேன்.
சோழகம் அடித்த நாளெல்லாம் எரிந்திருக்கிறது.
கச்சான் வந்து ஊரைக் காயவைத்தால்
விளக்கும் படுத்துவிடுகிறது.

இடப்பக்க ஹெட்லைட்டைக் கழற்றி,
அதற்கும் கீழே,
டார்ச் போனால் கண் போகாத இடத்தில்
ஒரு எர்த் ஒயர், ஒரு போல்ட்.
செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.
களிம்பு.
தொட்டு நாக்கில் வைத்தேன், தப்புதான்.
உப்பு.
மீட்டரைப் பிடித்தால்
அரை வோல்ட் வழியிலேயே தொலைந்துகொண்டிருக்கிறது.
அந்த அரை வோல்ட் இல்லாமல்
எஞ்சினின் மூளை
இல்லாத காற்றை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

உப்பைத் தேய்க்க உப்புத்தாள்,
எட்டு ரூபாய் முனை ஒன்று,
மேலே ஒரு விரல் வாசலின்.

அப்புறம் சோழகத்துக்குக் காத்திருந்தேன், ஒரு வாரம்.
வந்தது. ஸ்பானரெல்லாம் பிசுபிசுத்தது.
ஏர்வாடி வரை ஓட்டிப் போய்,
கடலைப் பார்க்க வண்டியை நிறுத்தி,
ஒரு மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை.
"எரியுதா?"
காட்டினேன்.
"ஒண்ணும் தெரியலையே, இருட்டாக் கெடக்கு.
நீயும் டேப் ஒட்டிட்டியா?"
"இல்ல காக்கா, பாருங்க."
எஞ்சினை அணைத்துச் சாவியை மறுபடி திருப்பினேன்.
மஞ்சள் ஒருதரம் எரிந்தது.
எஞ்சின் பிடித்ததும் அணைந்தது.
"இப்படித்தான் இருக்கணும். எரிஞ்சு அணையணும்.
எரியாமலே கெடந்தா பல்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

அவர் பேசவில்லை.
கீழ்க் கட்டிலில் யாரோ இருமினார்கள்.
"இன்னொரு தரம் போடு" என்றார்.