ஆறின கஞ்சி

கனாட்டாவில் அன்று மழை கண்ணாடியாய் விழுந்தது.
மேப்பிள் கிளைகள் ஒவ்வொன்றாய் முறிகிற சத்தம்,
மேல்மாடியில் யாரோ பீங்கான் போட்டு உடைப்பதுபோல.
பத்து மணிக்குக் கரண்ட் போனது.
பதினொன்றுக்குள் மார்ச் சாலையின் இரண்டு கோபுரங்களும்.
மிஞ்சியது ஒன்று,
ஜெனரேட்டரின் இருமலில்
ஊர் முழுவதையும் இழுத்துப் பிடித்தபடி.

அதன் உள்ளே ஓடுவது நான் எழுதிய நிரல்.

மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அது கேட்கும்:
அலையின் இந்தத் துண்டு யாருக்கு?
ஈகிள்சன் சாலையில் ஊர்ந்துவரும் ஆம்புலன்ஸில்
ஒரு இதயம் கோடு கோடாய்த் தன்னை வரைந்து
மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.
அதற்குக் கொடு.
பிறகு குரல்களுக்கு.
பிறகு, மிச்சம் இருந்தால், மற்றவர்களுக்கு:
பாதியில் நின்ற பீட்சா ஆர்டர்,
தன் குளிரைத் தானே அறிக்கையிடும் ஒரு ஹீட்டர்,
விளையாட்டில் துப்பாக்கியோடு உறைந்துபோன பையன்,
சுகமா என்று கேட்பவர்கள்.

இந்தக் கடைசி வகுப்புக்கு ஆவணத்தில்
நாசூக்கான பெயர் ஒன்று உண்டு:
முடிந்தவரை.

எலோடியும் நானும் எட்டு மாதம் சண்டைபோட்டது
ஒரேயொரு எண்ணுக்காக.
காத்திருக்கிறவர் காத்திருந்ததற்கு எவ்வளவு எடை?
கொஞ்சம் கூட்டு என்றாள்,
இல்லாவிட்டால் கடைசி வரிசை அசையவே அசையாது.
எங்கள் துறையில் அதற்குப் பட்டினி என்றுதான் பெயர்.
நான் விடவில்லை.
பந்திக்கு உயிர் முந்தட்டும், மற்றதெல்லாம் பிந்தட்டும்
என்றதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல்
வரைபடம் போட்டு வென்றேன்.
பூச்சியம் புள்ளி இரண்டு.
அன்று எலோடி தனியாகச் சாப்பிட்டாள்.

இதில் ஒரு விசித்திரம்.
அவசரமானதற்குத்தான் ஆயுள் குறைவு.
சற்றே பிந்திவிட்ட குரல்துணுக்கை
நாங்கள் சேர்ப்பிப்பதில்லை, எறிந்துவிடுகிறோம்.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி.
அவசரமில்லை என்று ஓரத்தில் நிறுத்தியதோ
எத்தனை நேரம் போனாலும்
ஒரு எழுத்தும் சிந்தாமல் முழுசாய் வரும்.

காலை நாலு பதின்மூன்றுக்குத்
தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது.
பரஞ்சோதி அண்ணா. சட்பரியிலிருந்து.
அம்மாவின் வீட்டை விற்ற காசில் தொடங்கி
ஆறு வருடமாய் நாங்கள் கதைப்பதில்லை.

"அங்க கரண்ட் இருக்கோ?"

அவ்வளவுதான்.
கீழே, அனுப்பிய நேரம்: இரவு 11:52.

நாலு மணி இருபத்தொரு நிமிடம்
நான் வைத்த எண்ணுக்குப் பின்னால்
அண்ணா நின்றிருக்கிறார்.
யாரும் அவரைத் தள்ளவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.
உரிய நேரத்தில் வந்திருந்தால்
பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்திருப்பேன்,
அது வேறு கதை.

அந்த இதயம் பிழைத்ததா, தெரியாது.
எங்களுக்குப் பொதிகள் தெரியும், ஆட்கள் தெரியாது.

"இல்லை, ஒரே இருட்டு" என்று அடித்தேன். அழித்தேன்.
"சாப்பிட்டியளோ" என்று அடித்தேன்.
விடிய நாலு மணிக்கு யார் சாப்பிடுவார்? அதையும் அழித்தேன்.
ஆறு வருடத்தை எந்த வகுப்பில் போடுவது?
பிந்தினால் எறியவேண்டியதா,
எப்போது வந்தாலும் செல்லுபடியாவதா?
அதைக் குறிக்க நாங்கள் இடமே விடவில்லை.

கடைசியில் அனுப்பினேன்:
"இல்லை அண்ணா."

பக்கத்தில் சின்ன வட்டம் சுழலத் தொடங்கியது.
ஒற்றைக் கோபுரம்.
கடைசி வரிசை.
பூச்சியம் புள்ளி இரண்டு.
போர்வைக்குள் அந்த வெளிச்சத்தைப் பிடித்தபடி
எலோடி சொன்னதை யோசித்தேன்.