மூன்றாவது டியூப்லைட்

சூரமங்கலத்தில் எங்கள் சபைக்கு ஒரு ஹால்.
தகரக் கூரை. எட்டு மின்விசிறி, அதில் ஆறு சுற்றும்.
சாவி இரண்டு: ஒன்று ஐயர் வீட்டில்,
ஒன்று என் கைப்பையில், ஜவ்வரிசி மில் சாவியோடு.
பொருளாளர் என்று பெயர்.
கரண்ட் பில் வந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

இந்த முறை ஏழாயிரத்துச் சொச்சம்.
சேகரக் கமிட்டி கூடியது.

ஞானசிகாமணி அண்ணன் எழுந்தார்.
எழுந்தால் லேசில் உட்காரமாட்டார்.
"கர்த்தருடைய வீட்டுக்கு வாடகை போடுறதா?
காசுக்காரர் மேசையைக் கவிழ்த்தவர் பேர்ல கட்டின இடம்."
எமிலி டீச்சர் உட்கார்ந்தபடியே கேட்டார்:
"கவிழ்த்தவர்
கரண்ட் பில் கட்டிட்டா போனார்?"
சிரித்தோம். ஐயர் மட்டும்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பட்டியலை வாசித்தேன்.
வியாழன், குடியை விட்டவர்கள்:
பதினோரு பேர், ஒரு விசிறி, இருபத்திரண்டு டீ.
ரசீது போட்டால் யார் பேரில் போடுவது?
பேர் சொல்லாததுதானே அவர்கள் ஏற்பாடு.
திங்களும் புதனும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்:
சாக்பீஸ் தூள், கால் உடைந்த நாற்காலி ஒன்று.
மாதம் இரண்டு ஞாயிறு, மதியத்துக்குமேல்,
காது கேளாதோர் சங்கம்.
மைக் வேண்டாம். ஸ்பீக்கர் வேண்டாம்.
விளக்கு மட்டும் அத்தனையும் எரிய வேண்டும்.

"பகல்ல எதுக்கு இத்தனை லைட்டு?"
கேட்டது யாரென்று நினைவில்லை.
நானாகவும் இருக்கலாம்.

அந்நேரம் கரண்ட் போனது.
ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் பெருமூச்சு விட்டு நின்றது.
நாங்கள் நிற்கவில்லை.
தலைக்கு இருபதா, மணிக்கு நூறா,
ஏழைக்குப் பாதியா, ஏழையென்று யார் சான்று தருவது,
இருபது நிமிஷம் பேசினோம்,
ஒரு சொல்கூடத் தடுக்கி விழாமல்.
இருட்டு யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

அடுத்த ஞாயிறு மழை மூட்டம். ஏற்காட்டு மலையையே காணோம்.
சாவி வாங்கப் போனவள் வாசலில் நின்றேன்.
நாற்பது பேர், அத்தனை கைகளும் ஒரே நேரத்தில்.
மூலையில் மூன்றாவது டியூப்லைட்
மினுக்கி, மினுக்கி, அணைந்தது.
அதன் கீழே ஐந்து பேரின் பேச்சு
பாதி வாக்கியத்தில் அறுந்தது.
முனகலில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
வெளிச்சத்துக்கு நகர்ந்தார்கள்,
ஒழுகுகிற வீட்டில் பாத்திரத்தை நகர்த்துகிற மாதிரி.

சங்கச் செயலாளர் சித்தேஸ்வரன் வந்தார்.
பனங்காட்டில் கொலுசுக்குள் முத்து வைத்து அடைக்கிற வேலை.
நான் எதுவும் சொல்லவில்லை. அவரே
காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.
ஐந்நூறு ரூபாய்த் தாளை என் கையில் வைத்தார்.
வேண்டாம், சும்மா வாங்க என்று வாயசைத்தேன்,
அருள்பாலிக்கிற முகத்தோடு.
அவர் போனை எடுத்துத் தட்டிக் காட்டினார்:

சும்மா வந்தா நாங்க விருந்தாளி.
விருந்தாளி குறை சொல்லக் கூடாது.
அந்த லைட் ஒன்பது மாசமா மினுக்குது.
ரசீது கொடுங்க.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
காணிக்கை / நன்கொடை / இதர வரவு.
வேண்டாததை அடிக்கவும்.
மூன்றையும் அடிக்கப் பார்த்து
ஒன்றையும் அடிக்காமல் கிழித்துக் கொடுத்தேன்.

திங்கள் காலை, மில்லுக்குப் போகிற வழியில்
டியூப், சோக், ஸ்டார்ட்டர்: நானூற்று அறுபது.
ஏணியில் ஏறியது ஞானசிகாமணி அண்ணன்தான்.
மேலிருந்தே கேட்டார்,
"அப்போ வாடகைன்னு தீர்மானமா?"
"சுவிட்சைப் போடட்டுமா அண்ணா?" என்றேன்.

கமிட்டி இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.
வியாழக்கிழமைக்காரர்கள் கதவோரம் ஒரு டின் வைத்திருக்கிறார்கள்,
யார் போட்டதென்று தெரியாத சில்லறை.
மீதி நாற்பது ரூபாயை
ரசீதுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.