நாற்பது யூரோ

விளம்பரத்தில் எதையும் ஒளிக்கவில்லை.
வால்வு ஆம்ப், இருபத்திரண்டு வாட்,
பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்.
தலைமேல் காபிக் கோப்பை வைத்த கறை
(நானில்லை, டிரம்மர்).
போட்டதும் மெல்லிய ரீங்காரம் ஒன்று உண்டு,
அதற்காக நாற்பது யூரோ குறைத்திருக்கிறேன்.

ராஹேயிலிருந்து பஸ்ஸில் வந்தாள் சைமி.
ஓவுலுவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
முதுகில் கிட்டார், கையில் கயிறு,
கயிற்றின் முனையில்
சிறுபிள்ளைகள் பனியில் இழுக்கும் சிவப்புச் சறுக்குத் தட்டு,
அதில் இரண்டு கம்பளி.
ஆம்பைப் பார்க்குமுன்
மாடிப்படியின் அகலத்தைப் பார்த்தாள்.
சும்மா விலை கேட்க வந்தவளில்லை.

ஸ்விட்சைப் போட்டேன்.
வால்வு சூடேற ஒரு நிமிஷம் ஆகும்.
அந்த ஒரு நிமிஷம்
வாங்குகிறவரும் பேசுவதில்லை, விற்கிறவரும் பேசுவதில்லை.

"கேட்கிறதா?"
ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டிக் குனிந்தாள்.
"எது?"
"இதோ, இது. உயரத்தில், ஒரே இழையாக."
இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.
"ம்ம், கேட்கிறது" என்றாள்,
நாற்பது யூரோவை விட மனமில்லாமலோ
வீட்டுக்காரனை மறுக்க மனமில்லாமலோ.

பிறகு வாசித்தாள்.
நன்றாகத்தான் வாசித்தாள்; தாளம் மட்டும் சற்று முந்துகிறது.

ஏன் விற்கிறீர்கள் என்றாள்.
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, முட்டி என்றேன்.
இருபத்தேழு கோடை
ஏரிக்கரை நடன மேடைகளில்
பென்டியின் சிம்பலுக்கு ஒட்டினாற்போல்
வலப்பக்கம் நின்று டாங்கோ வாசித்ததைச் சொன்னேன்.
வேறெங்கும் நிற்க முடியாது,
பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது.

இரண்டு பேருமாக இறக்கினோம்.
கம்பளி சுற்றி, கயிறு போட்டுக் கட்டி,
"போனதும் போட்டுவிடாதே,
குளிர் இறங்க ஒரு ராத்திரி விடு" என்றேன்.
சரி என்று கையுறையை ஆட்டினாள்.
தட்டு முதலில் நகர மறுத்தது,
பிறகு அவளுக்கு முன்னால் ஓடப் பார்த்தது.

மறுநாள் சாயங்காலம் செய்தி:
"ரீங்காரமே இல்லை.
மூன்று சாக்கெட்டில் பார்த்துவிட்டேன்.
என் தம்பியையும் கேட்கச் சொன்னேன்.
நாற்பது யூரோவைத் திருப்பி அனுப்ப வேண்டும்.
கணக்கு எண்?"

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன்.
அடுப்புமேல் காற்றாடியை நிறுத்தினேன்.
நடைவழிக்குப் போய்
மெயின் ஸ்விட்சையே இறக்கினேன்.
மேல்வீட்டில் யாரோ நாற்காலி நகர்த்தினார்கள்,
பிறகு அதுவும் நின்றது.

ஃபோன் வெளிச்சத்தில் பதில் தட்டினேன்:
"வேண்டாம். சொன்ன விலை சொன்னதுதான்."

ஸ்விட்சை ஏற்றத் தோன்றவில்லை.
ஆம்பின் நான்கு கால் பதிந்த தரையருகே நின்று
தலையை இடமும் வலமுமாகத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று.