மடிச்சீட்டு

ஆப்பியா சந்தைக்குப் பின்னால்
பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
நிறைந்ததும், என்றான் ஓட்டுநர் பெசமினோ.
நிறைந்தது. கிளம்பினோம்.
சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி
அதே இடத்தில் வந்து நின்றோம்.
இன்னும் கொஞ்சம், என்றான்.

மரத்தில் செய்த வண்டி. ஊதாவும் மஞ்சளும்.
நெற்றியில் ஏசு,
அவருக்குக் கீழே ஒரு குத்துச்சண்டை வீரன்.
ஒலிபெருக்கி என் இருக்கைக்கு அடியில்.
துடித்தது பாட்டா என் நாடியா,
தெரியவில்லை.

கைப்பையின் உள்ளறையில்
ஓர் ஊக்கு வைத்திருக்கிறேன்.
பதினேழு வயதில்
கல்லூரிப் பேருந்து ஏறத் தொடங்கியபோது வைத்தது.
துருப்பிடித்தால் மாற்றுவேன்.
கடவுச்சீட்டு போகும் நாட்டுக்கெல்லாம் அதுவும் வரும்.
விமான நிலையங்களில்
பெண் காவலர்கள் பார்ப்பார்கள்,
எதற்கு என்று கேட்காமல் மூடிவிடுவார்கள்.

மூன்றாவது நிறுத்தத்தில் இருக்கைகள் தீர்ந்தன.
ஆனால் யாரும் நிற்கவில்லை.
பள்ளிப் பையன் ஒருவன் எழுந்தான்,
கிழவர் அமர்ந்தார்,
கிழவரின் மடியில் அதே பையன்.
சேப்பங்கிழங்குச் சாக்கு ஒன்று
கைமாறிக் கைமாறிப் பின்னால் போயிற்று.
ஒரு வார்த்தை இல்லை.
தாயக்கட்டத்தில் காய் நகர்வதுபோல்
ஆட்கள் நகர்ந்தார்கள்.

அப்புறம் மெலேசலா ஏறினாள்.
(பெயர் பிறகுதான் தெரிந்தது.)
இரட்டை நாடி. காதில் வெள்ளைப் பூ.
நான்கு ரொட்டி, ஒரு மீன் டப்பா.
பார்த்தாள், அளந்தாள்,
அளந்தது என்னையல்ல, எடையை.
என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி
என் இடத்தில் தான் அமர்ந்து
என்னைத் தன்மேல் வைத்துக்கொண்டாள்.
எனக்கு நாற்பத்து மூன்று வயது.
என் கையெழுத்துக்காக
வாசலில் மூன்று பேர் காத்திருப்பார்கள்.

என் மொழியில் மடி என்றால்
ஏறி உட்காரும் இடம்.
தொடாதே, தள்ளி நில் என்பதற்கும்
மடி என்றுதான் பெயர்.
இரண்டையும் ஒரே வாக்கியத்தில்
இதுவரை வைத்துப் பார்த்ததில்லை.

முதல் பத்து நிமிடம்
எடையே இல்லாதவளாக இருக்க முயன்றேன்,
தொடையை இறுக்கிப் பாதி காற்றில்.
அவள் என் வயிற்றைச் சுற்றிக் கை போட்டபடி
பக்கத்து இருக்கையிடம்
கோழித் தீவன விலையோ எதுவோ பேசிக்கொண்டிருந்தாள்.
ஒரு வளைவில் தோற்றேன்.
முழு எடையும் இறங்கிவிட்டது.
அவள் பேச்சை நிறுத்தவில்லை.

மலையேறும்போது மழை.
சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, தார்ப்பாய்தான்.
கட்டு அறுந்து படபடவென்று அடித்தது.
எல்லோர் முகத்திலும் சாரல்.
ஊக்கை எடுத்து நீட்டினேன்.
சாக்கு போன வழியே
கைமாறிக் கைமாறிப் போயிற்று.
பையன் குத்தினான்.
இரண்டு நொடி தாங்கியது.
பிறகு காற்று பிடுங்கிக்கொண்டு
வாழைத்தோப்புக்குள் எறிந்தது.
வண்டியே சிரித்தது.
நானும், சற்றுத் தாமதமாக.

இறங்க வேண்டிய ஊர் கடந்துபோயிருந்தது.
கயிற்றை இழுத்தால்தான் நிற்குமாம்.
எங்கே ஏறினேன் என்பதைப் பெசமினோ மறந்திருந்தான்.
நான்கு தாலா, என்று
உள்ளிருந்து தீர்ப்புச் சொன்னாள் மெலேசலா.
தொடையைத் தட்டிக்கொண்டாள்,
மாவு ஒட்டியதுபோல.
அதற்குள் அங்கே வேறு யாரோ அமர்ந்தாயிற்று.

வந்த வழியே நடந்தேன்.
சுவரில்லாத வீடுகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு,
அதைச் சுற்றி முதுகுகள்.
சங்கு ஊதியது.
ஒரே நிற வேட்டியில் ஆண்கள்
சாலையோரம் வந்து நின்றார்கள்.
ஒருவன் என்னைப் பார்த்து
உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினான்.
பிரார்த்தனை நேரம். ஊருக்குள் யாரும் நடக்கக் கூடாது.
உட்கார்ந்தேன்,
மழையில் நனைந்த ஒரு கல்லில்.

எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு,
ஒரே நேரத்தில் அல்ல,
வீட்டுக்கு வீடு கொஞ்சம் முன்பின்னாக.
பழக்கத்தில்
கைப்பைக்குள் விரல் போய்த் துழாவிற்று.
கல் சில்லிட்டது.
முதுகு மட்டும் இன்னும் வெதுவெதுவென்று,
வேறொருத்தியின் வியர்வையில்.