எத்திராஜுக்கு, வியாழக்கிழமைக்குள்

டிக்கெட் வந்துவிட்டதாமே.
கேன்டீனில் எல்லாரும் உனக்கு யோசனை சொல்லியிருப்பார்கள்,
ராணிப்பேட்டையைத் தாண்டாதவர்கள் உட்பட.
நான் முப்பத்தொரு நாள் இருந்துவிட்டு வந்தவள். கேள்.

டாலரைப் புதுத் தாளாக வாங்கு.
மடித்தது, மூலை போனது, பேனா பட்டது எதையும்
பிஷ்கெக்கில் கண்ணாடிக் கூண்டுக்காரி தொடமாட்டாள்.
ஒரு விரலால் தள்ளுவாள்,
ஆற்காடு பஸ் கண்டக்டர்
கிழிந்த பத்து ரூபாயைத் தள்ளுவதுபோல.

விசாவை மூன்று நகல் எடு.
போனில் இருக்கிறதே என்பாய்.
குளிரில் போன் முதலில் சாகும்.
அதைச் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வை.

குளிர் என்றால் உனக்கு ஏலகிரி. அதை மற.
மே மாத மத்தியானம் மொட்டைமாடியில்
வடாம் எடுக்க வெறுங்காலோடு ஓடுகிறோமே,
அதே துள்ளல்தான்,
எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

மார்ஷ்ருட்கா என்று ஒரு வேன்.
நிறைந்தால்தான் கிளம்பும்.
காட்பாடி ஷேர் ஆட்டோவில் வளர்ந்தவனுக்கு
இதில் பாடம் எதுவும் இல்லை.

ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதே.
டீயைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள்.
கஞ்சம் என்று நினைத்தேன் நான்.
இன்னொரு தரம் ஊற்ற ஆசையாம்.
விளிம்புவரை ஊற்றினால்தான்
எழுந்து கிளம்பு என்று அர்த்தம்.

செவ்வாய், வெள்ளி நீ கறி தொடமாட்டாய்.
"எத் ஜோக்" என்று சொல்: கறி இல்லை.
நீ சொல்லிவிட்டுச் சிரிக்காதே, அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.
கறியை மட்டும் பொறுக்கிவிட்டு
அதே சாற்றை உன்முன் வைப்பார்கள்.
புளிக்காய்ச்சல் எடுத்துப் போ.

மலைக்கணவாயில் தலை சுற்றும்.
குருத் என்று உருண்டை விற்பார்கள்,
கல்லாய் உலர்ந்த உப்புத் தயிர்,
மிளகாய் இல்லாத மோர்மிளகாய்.
கடிக்காதே, கன்னத்தில் ஒதுக்கு.

உன் ஊர் எப்படி என்று கேட்பார்கள்.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு
என்று நம் ஊர்க் கேலியையே நான் சொன்னேன்.
மொழிபெயர்த்த பையன் தைமூர்பெக்,
ஆற்றுக்குப் பெயர் என்ன என்றான்.
பால் ஆறு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
நாரின் போகும் வழியில், யாரும் கேட்காமல்,
வேனை ஓரங்கட்டச் சொன்னான்.

கீழே ஓர் ஆறு.
பனிக்கட்டி கல்லை அரைத்து அரைத்துக்
கரைத்த தண்ணீர்,
எத்திராஜ், நிஜமாகவே பால்.
வேலூரில் பிறந்து நாற்பத்து மூன்று வருஷம்
மணலைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னவள்
யோசிக்காமல் ஷூவோடு இறங்கினேன்.

நீ இறங்காதே. இது அறிவுரை.

இரண்டு விரல் நீலமானது.
டிரைவரின் கொழுந்தியா வீடு பக்கத்தில்.
குல்ஜாத் என் ஷூவைக் கழற்றி
ஆட்டுக்கொழுப்பு தேய்த்து,
தன் பூட்ஸை என் காலில் மாட்டிவிட்டாள்.
ரஹ்மத் என்றேன்.
அவள் மொழியில் என்னிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

ஒன்றரை வருஷமாக அந்த பூட்ஸ்
சத்துவாச்சாரியில் பீரோ மேல் இருக்கிறது.
நல்ல கன்றுத்தோல், உள்ளே ரோமம்.
நம் லேபிலிருந்து மீன்எண்ணெய் கொண்டுவந்து
மாதம் ஒருமுறை பூசினேன்,
வெயிலில் வெடிக்காமல்.
போட்டுக்கொண்டு எங்கே போவது,
கோட்டை அகழியைச் சுற்றியா?

முகவரி கிடையாது.
நாரினில் இரண்டாவது பெட்ரோல் பங்க் தாண்டி
நீலக் கேட், ஒரு காது இல்லாத நாய்.
கடிக்காது. கடிக்கும் என்று நினைத்துக்கொண்டே போ.

பெட்டியில் போடாதே, தில்லியில் தங்கிவிடும்.
கையில் எடுத்துப் போ.
தராசில் வைத்தேன், ஒன்றே முக்கால் கிலோ.
இடது பூட்ஸுக்குள் ஒரு தாள் இருக்கும்,
பேக்கிங் என்று நினைத்து எறிந்துவிடாதே.
தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.
வேறு எதில் எழுதுவது.

குணவதி