கழுவாத பஞ்சு

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.
காட்பாடியில் மூடிப்போன ஓட்டலின் வரவேற்பறையில் கிடந்தது.
ஒன்பதாயிரத்துக்குப் பேசி
மினிலாரியில் மெத்தை விரித்து ராணிப்பேட்டைக்குக் கொண்டுவந்தேன்.
அறுநூற்றெண்பது லிட்டர் என்றதும்
தேவகி கேட்டாள்:
"நமக்கே மூணு நாளைக்கு ஒருவாட்டிதான் தண்ணி வருது.
மீன் அதுலயே துன்னும், அதுலயே பேளும்.
நீ இன்னா பண்ணுவ?"

கேட்டது சரி. என் பிழைப்பே அதுதான்.
பதினோரு வருஷமாய்
தோல் ஷாப்புகளின் கழிவுநீர் வந்து சேரும் நிலையத்தில்
ஷிப்ட் ஆபரேட்டர்.
நுரையின் நிறத்தை வைத்தே
உள்ளே கிருமிகளுக்குப் பசியா அஜீரணமா என்று சொல்லிவிடுவேன்.
ஆனால் லாங் பஜார் பின்சந்தில், டில்லிபாபு கடையில்,
பரீட்சைக்குப் பேனா மறந்தவன் மாதிரி நின்றேன்.

"தொங்க வுட்றது வாணாம் சார்.
யானை குளிக்கச் சொம்பு குடுத்த மாரி ஆய்டும்.
கேனிஸ்டர் எடுத்துக்க, சத்தமே வராது."
கறுப்பு டப்பா. நான்கு கிளிப். உள்ளே மூன்று அடுக்கு.
சத்தம் வராததுதான் எனக்குப் பயம்.
மே மாதத்தில் நாலு மணி நேரம் கரண்ட் போனால்
மூடிய டப்பாவுக்குள் மூச்சுமுட்டிச் செத்ததெல்லாம்
கரண்ட் வந்ததும் மீன் முகத்தில் வந்து விழும்.
நிலையத்தில் ப்ளோயர் நின்ற ஒரு ராத்திரியின் நாற்றம்
என் காக்கிச் சட்டையில் ஒரு வாரம் இருந்தது.

மூடியில்லாததாகவே செய்வது என்று முடிவெடுத்தேன்.
கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி.
மேலிருந்து தானாய் வழியும் தண்ணீருக்கு முதலில் பஞ்சு,
பிறகு பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நார்,
உடைத்த செங்கல், கடைசியில் மோட்டார்.
நார் நூற்றிருபது கேட்டபோது
மளிகைக்கடை முனிரத்தினம் ஏற இறங்கப் பார்த்தார்:
"எந்த மண்டபம்?"

எல்லாம் வாங்கியும் ஒன்று பாக்கி.
நிலையத்திலிருந்தே ஒரு மக் சேறு எடுத்துப்போ என்றான்
கூட வேலை செய்கிற சாதிக்.
அதில் குரோமியம் இருக்கும்.
தவிர, அந்தக் கிருமிகள் வேறு சாப்பாட்டுக்குப் பழகியவை.

டில்லிபாபுவிடமே திரும்பப் போனேன்.
அவர் பெரிய தொட்டியில் எட்டு மாதமாய்க் கழுவாத பஞ்சு.
"புதுசே முப்பது ரூபா. இது இன்னாத்துக்கு சார்?"
"அழுக்குக்கு."
காசு வாங்கவில்லை. இரண்டு கவர் போட்டுக் கட்டினார்.
காயவிடக்கூடாது.
ஆற்காடு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது
கவரின் மூலை ஒழுகி
பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் கறுப்பாய்ச் சொட்டியது.
கீழே மணல்.
மேல்விஷாரத்தில் ஏறியவர். மாப்பிள்ளை பார்க்கப் போகிறாராம்.
எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேன் என்று நினைவில்லை.

இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள்.
மீன் இன்னும் வாங்கவில்லை.
இல்லாத மீனுக்குத் தினம் ஒரு சிட்டிகை தீனி.
சோதனைக் குழாயில் பச்சை வெளுத்து வெளுத்து
மஞ்சளாகப் பார்க்கிறது.
"காலித் தொட்டிக்குக் கரண்ட் பில்லு" என்பதோடு
தேவகி நிறுத்திக்கொள்கிறாள்.

நேற்று ராத்திரி இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
சத்தம் நின்றதில் ரெண்டு பேருமே விழித்தோம்.
செல்போன் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தோம்.
மேல் தண்ணீர் இறங்க இறங்க
கீழ்த்தொட்டி ஏறிக்கொண்டே வந்தது.
திரும்பும் குழாயில் நான் கம்பி காய்ச்சிப் போட்ட ஓட்டை
காற்றை இழுத்து ஓர் ஏப்பம் விட்டது.
நின்றது.
விளிம்புக்கு நாலு விரல் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.
தேவகி கையை வைத்து அளந்தாள்.
"மூணுதான்" என்றாள்.